சுவர் அவர்களுடையது, சாவு நம்முடையதா?

'பராமரிப்பற்ற கட்டிடம்' என்று அரசாங்கக் காகிதங்களில் ஒரு சொல் இருக்கிறது. கேட்பதற்குச் சாதியே இல்லாத சொல் போலத்தான் இருக்கும். பூச்சு உதிர்ந்திருக்கிறது, கம்பி துருப்பிடித்திருக்கிறது, சுவர் சாய்ந்திருக்கிறது - இதில் எங்கேய்யா சாதி வந்தது என்று நகராட்சிப் பொறியாளர் கேட்பார். நாம் திருப்பிக் கேட்போம். எந்தச் சுவர் சாய்ந்தால் நோட்டீஸ் போகிறது? எந்தச் சுவர் சாய்ந்தால் பிணம் விழுந்த பிறகுதான் அதிகாரி வருகிறார்? யாருடைய தெருவில் கட்டிடம் பழுதானால் சொந்தக்காரன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது? யாருடைய தெருவில் பழுதானால் குடியிருப்பவன் துரத்தப்படுகிறான்? இந்த நான்கு கேள்விகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் சிமெண்டுக்குள்ளும் சாதி கலந்திருப்பது தெரியும்.

நடூர்

2019 டிசம்பர் 2. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை ஒட்டிய நடூர். அருந்ததிய மக்கள் வாழும் குடியிருப்பு. அதை ஒட்டி ஒரு தனியார் வீட்டின் சுற்றுச்சுவர். கருங்கல் சுவர், ஏறத்தாழ இருபதடி உயரம். இரவெல்லாம் மழை. விடிகாலையில், சனங்கள் தூங்கிக்கொண்டிருந்த ஓட்டு வீடுகள் மேல் அந்தச் சுவர் அப்படியே சாய்ந்தது. 17 பேர் செத்துப்போனார்கள். பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள்.

மறுநாள் செய்தித்தாள்கள் 'மழைக்குச் சுவர் இடிந்து 17 பேர் பலி' என்று எழுதின. மழைதான் குற்றவாளி. மழைக்கு எதிராக யார் வழக்குப் போட முடியும்? அந்தச் சுவர் எங்களுக்கு ஆபத்து என்று முன்பே சொல்லி வந்தோம், யாரும் காதில் வாங்கவில்லை என்று ஊர் மக்கள் சொன்னார்கள். உடல்களை வாங்க மறுத்து நியாயம் கேட்டவர்கள் மேல் போலீஸ் தடியடி நடத்தியது, கைது செய்தது. அரசு நிவாரணத் தொகையைக் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது; கொந்தளிப்பைப் பார்த்து 10 லட்சம் என்றது. தலித் இயக்கங்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றன, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடு என்றன.

சுவரைப் பராமரிக்கவில்லை என்பது பாதி உண்மைதான். அவ்வளவு உயரத்துக்கு ஒரு சுவர் எதற்கு? நம் தெரு கண்ணில் படக் கூடாது, நம் காற்று அந்தப் பக்கம் போகக் கூடாது. மறைக்கிற வேலையை அந்தச் சுவர் கடைசி நாள் வரைக்கும் ஒழுங்காகத்தான் செய்தது. அந்தப் பக்கம் நிற்பவனுக்குக் காவல், இந்தப் பக்கம் படுத்திருப்பவனுக்கு எமன். ஒரே சுவர்தான்.

மதுரை மாவட்டம் உத்தபுரத்தை நினைத்துப் பாருங்கள். 1989இல் தலித் மக்களைத் தடுத்துக் கட்டிய சுவர் அங்கே நின்றது. வெயிலடித்தது, மழை பெய்தது, அது இடிந்து விழவில்லை. 2008 மே 6 அன்று, பெரிய போராட்டத்துக்குப் பிறகு, அரசே ஆள் வைத்து அதில் ஒரு பகுதியை உடைக்க வேண்டியிருந்தது. நம்மைத் தடுக்கிற சுவர் தானாக விழாது. நம் தலைக்கு மேல் நிற்கிற சுவர் நின்று காட்டாது. இதைத் தற்செயல் என்று நம்பச் சொல்கிறார்கள்.

சட்டம் இல்லாமலா?

சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நூறு வருசமாக இருக்கிறது. 1919இன் சென்னை மாநகராட்சிச் சட்டத்திலும், 1920இன் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலும் இதற்கு வழி இருந்தது. ஒரு கட்டிடம் இடியும் நிலையில் இருந்து, அதனால் அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ ஆபத்து என்றால், பழுது பார் அல்லது இடித்துப் போடு என்று சொந்தக்காரருக்கு நிர்வாகம் உத்தரவு போடலாம். உடனடி ஆபத்து என்றால் கெடு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிர்வாகமே இறங்கி வேலையை முடித்துவிட்டுச் செலவைச் சொந்தக்காரரிடம் வசூலிக்கலாம். நடூரில் 17 பேர் சாகும்போது 1920ஆம் ஆண்டுச் சட்டம் உயிரோடுதான் இருந்தது. அந்தச் சட்டங்களின் இடத்தில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

நகராட்சி கண்ணை மூடிக்கொண்டால் இன்னொரு கதவும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. இடிந்து விழுந்து ஆளைக் காயப்படுத்தும் நிலையில் ஒரு கட்டிடமோ மரமோ இருந்தால், அதை அகற்று, பழுது பார், முட்டுக் கொடு என்று சொந்தக்காரருக்கு நிர்வாக நடுவர் - நம் ஊர் வழக்கில் கோட்டாட்சியர் - உத்தரவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதே அதிகாரம் 152ஆம் பிரிவாக இருக்கிறது. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் எண்ணை மனசில் எழுதிக்கொள்ளுங்கள்.

'நகராட்சியில் பணம் இல்லை' என்கிற பழைய பல்லவிக்கும் பதில் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் ஊரில் சாக்கடையும் மலமும் தெருவில் ஓடுகிறது என்று மக்கள் இதே 133ஆம் பிரிவில் நடுவரிடம் போனார்கள். உத்தரவு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போய், காசு இல்லை என்று கையை விரித்தது. 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்க மறுத்தார். கண்ணியமும் சுகாதாரமும் காசு இருந்தால் மட்டும் செய்கிற தர்மம் அல்ல, நகராட்சியின் கடமை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆக, விதி இருக்கிறது, அதிகாரி இருக்கிறார், தீர்ப்பும் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் நடூரில் ஒரு கல்லைக்கூட யாரும் முன்கூட்டி அசைக்கவில்லை. சட்டத்தைப் புழங்காமல் போட்டு வைத்திருப்பதுதான் இங்கே பராமரிப்பின்மை. பாழடைந்து கிடப்பது அந்தச் சட்டம்தான்.

சொந்தக்காரர் அரசாங்கமாக இருந்தால்?

இதுவரை பார்த்தது தனியார் சுவர். இனி அரசாங்கத்தின் சுவருக்கு வருவோம்.

2021 டிசம்பர் 27. சென்னை திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பிளாக் முழுசாகச் சரிந்து விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் மண்மேடாகின. முப்பது வருசம்கூட நிறையாத கட்டிடம். உயிர்ச்சேதம் இல்லை. காரணம், விரிசலைப் பார்த்துச் சனங்களே ஒருவரையொருவர் எழுப்பிவிட்டு வெளியே ஓடி வந்ததுதான். கட்டிடத்தின் உறுதித்தன்மையைச் சோதிக்க அன்றைக்கு வந்த பொறியாளர்கள், அங்கே குடியிருந்த பெண்கள்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் புத்தம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் கையால் தொட்டாலே பூச்சு உதிர்வதை மக்கள் படம் பிடித்துக் காட்டினார்கள். நாடே பார்த்தது. ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து ஆய்வு நடந்தது. பழைய வீடு பராமரிப்பு இல்லாமல் கெட்டது என்பார்கள். புது வீடு எதனால் கெட்டது? யாருக்காகக் கட்டுகிறோம் என்பதை மனதில் வைத்துத்தான் சிமெண்டும் மணலும் அளக்கப்படுகின்றன.

தனியார் கட்டிடம் பழுதானால் நகராட்சி நோட்டீஸ் கொடுக்கும். வாரியக் கட்டிடம் பழுதானால் வாரியத்துக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது? இரண்டு கையும் ஒரே உடம்பில். வலது கை இடது கைக்கு நோட்டீஸ் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அதற்குப் பதிலாகக் குடியிருப்பவர்களுக்குத்தான் வருகிறது - காலி செய் என்று.

2021இல் குடிசை மாற்று வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். 2025இல் மாணவர் விடுதிகளின் பெயரைச் சமூகநீதி விடுதிகள் என்று மாற்றினார்கள். நல்ல பெயர்கள்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயர்ப் பலகை மாற்ற ஒரு பெயிண்டர் போதும். ஒழுகும் கூரையை மாற்றத்தான் அரசாங்கத்துக்கு ஆள் கிடைப்பதில்லை. விடுதியில் தங்கிப் படிக்கிற தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் கட்டிலை எந்த மூலைக்கு நகர்த்துவது என்பது அவர்களுக்குத் தெரியும்.

தாழ்வான இடம் என்றால் என்ன?

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டத்தைப் படிக்காத தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அதன் 3ஆம் பிரிவு எது குடிசைப் பகுதி என்று சொல்கிறது. தாழ்வான இடம், சுகாதாரக் கேடு, நெரிசல் - இவற்றால் ஆபத்தாக இருக்கும் பகுதி. கட்டிடங்கள் மனிதர் வாழத் தகுதியற்றவையாக இருக்கும் பகுதி. அப்படி அறிவித்துவிட்டால் அரசுக்குப் பொறுப்பு வருகிறது. உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது என்கிற பாதுகாப்பும் வருகிறது.

அதனால்தான் அறிவிப்பதையே நிறுத்திவிட்டார்கள். சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985இல் மேலும் 17. அதோடு சரி. அதன் பிறகு நகரம் எத்தனை மடங்கு பெருகியது, எத்தனை ஆயிரம் குடும்பங்கள் கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் வந்து சேர்ந்தன! சட்டத்தின் கண்ணில் அவை எதுவும் குடிசைப் பகுதி அல்ல, 'ஆக்கிரமிப்பு'. குடிசைப் பகுதி என்றால் அரசு கடன்பட்டது. ஆக்கிரமிப்பு என்றால் நாம் குற்றவாளி. ஒரே குடிசைதான், வார்த்தைதான் வேறு.

ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் சூட்டி எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வேலை செய்த இடத்திலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். செம்மஞ்சேரியில் மழை வந்தால் முழங்கால் தண்ணீர். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம். தாழ்வான இடத்தில் இருப்பதால் ஆபத்து என்று சொல்லிக் கரையிலிருந்து தூக்கிய அரசு, அதைவிடத் தாழ்வான இடத்தில் வீடு கட்டிக் கொடுத்தது. தன் சட்டத்தின் இலக்கணப்படி பார்த்தால் அரசே புதிய குடிசைப் பகுதிகளைக் கட்டியிருக்கிறது, அதுவும் கான்கிரீட்டில். அங்கே போனவர்களில் பெரும் பகுதி நம் மக்கள். கூடவே மீனவர்கள், முஸ்லிம்கள், மற்ற ஏழைச் சாதியினர். ஊருக்கு வெளியே சேரி என்பது கிராமத்துப் பழக்கம் மட்டும்தான் என்று யார் சொன்னது?

'ஓசி வீடுதானே?'

இந்த இடத்தில் பொதுப்புத்தி வாயைத் திறக்கும். "ஓசியில கொடுத்த வீடு, நீங்கதான் ஒழுங்கா வச்சுக்கணும், இதுல குறை வேற சொல்றீங்களா?" என்று கேட்கும். நம்மாளுங்க சிலரே இதைத் திருப்பிச் சொல்வதையும் கேட்டிருக்கிறோம்.

முதலில், ஓசி இல்லை. வாரியக் குடியிருப்புகளில் மாதத் தவணை, பராமரிப்புக் கட்டணம், பங்களிப்புத் தொகை என்று பல பெயர்களில் பணம் வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது, பல இடங்களில் இருபது முப்பது வருசம் ஆகியும் கிரையப் பத்திரம் கையில் வரவில்லை. பத்திரம் இல்லாதவனுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும், எதை வைத்துப் பழுது பார்ப்பது? சொந்தம் கேட்டால் 'வாரியச் சொத்து'. பழுது என்றால் 'உன் வீடு'. இதுதான் கணக்கு. மூன்றாவது, மேல்மாடித் தண்ணீர்த் தொட்டி கசிவதும் அடித்தளம் இறங்குவதும் ஒரு குடும்பம் சுண்ணாம்பு அடித்துச் சரிசெய்கிற காரியமா?

கிராமத்துக் காலனிகளில் தொகுப்பு வீடுகளின் கதையும் இதுதான். கூரையில் கம்பி பல்லை இளிக்கிறது. மழைக்குப் பயந்து வீட்டுக்கு முன்னால் கீற்றுக் கொட்டகை போட்டுப் படுக்கிற குடும்பங்களை எந்தக் காலனியிலும் பார்க்கலாம். கான்கிரீட் வீடு சாமான் வைக்க, குடிசை ஆள் படுக்க! இது அரசுக்குத் தெரியாத விசயம் அல்ல. 2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய 2.5 லட்சம் ஊரக வீடுகளை 2,000 கோடியில் பழுது பார்ப்பதாக 2024இல் அரசே அறிவித்தது. வரவேற்போம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இது திட்டம், சலுகை. சட்டப்படி சொந்தக்காரரைத் தட்டிக் கேட்கிற உரிமை அல்ல. சலுகைப் பட்டியலில் பேர் வரலாம், விடுபடலாம், காலனிக்குக் கடைசியாக வரலாம். உரிமைக்கு வரிசை கிடையாது.

நம் முன் இருக்கும் சிக்கல்

ஒரு உண்மையான சிக்கலைப் பேசாமல் போக முடியாது. வீடு ஆபத்தாக இருக்கிறது என்று நாம் மனுக் கொடுத்தால், அந்த மனுவையே பிடித்துக்கொண்டு 'ஆமாம், ஆபத்துதான், எல்லோரும் காலி செய்யுங்கள்' என்று சொல்லிவிடுகிறார்கள். மறுகட்டுமானம் என்று இடிப்பார்கள். வெளி வாடகைக்கென்று ஒரு தொகை கொடுப்பார்கள். சென்னையில் அது எத்தனை மாத வாடகைக்குக் காணும்? கட்டிடம் எழும்பி முடிய வருசக் கணக்கில் ஆகும். அதற்குள் பிள்ளைகளின் பள்ளி மாறும், கிழவனும் கிழவியும் செத்துப்போவார்கள். திரும்பி வரும்போது பங்களிப்புத் தொகை கேட்பார்கள். இந்தப் பயத்தில்தான் சனங்கள் விரிசலுக்கு மேல் காலண்டர் மாட்டி மறைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும்.

இந்த இக்கட்டை மக்கள் தலையில் கட்டிவிட்டு இயக்கங்கள் ஒதுங்கக் கூடாது. நாம் எழுதும் மனுவின் வாசகமே மாற வேண்டும். 'எங்கள் வீடு ஆபத்தாக உள்ளது, ஆவன செய்யுங்கள்' என்று எழுதினால் ஆவன செய்வது புல்டோசர்தான். 'கட்டிடத்தின் சொந்தக்காரராகிய நீங்கள் பராமரிக்கத் தவறியிருக்கிறீர்கள். இதே இடத்தில் பழுது பார்க்க வேண்டும் அல்லது இதே இடத்தில் மீண்டும் கட்ட வேண்டும். கட்டி முடியும் வரை அருகிலேயே தங்க இடம் வேண்டும். திரும்பி வரும் உரிமையை ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்தில் தர வேண்டும். பங்களிப்புத் தொகை கேட்கக் கூடாது' - இப்படி எழுத வேண்டும். முதல் மனு கெஞ்சுகிறது, இரண்டாவது மனு குற்றம் சாட்டுகிறது.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு காலனியிலும் மாணவர் தோழர்கள் இரண்டு நாள் செலவழித்தால் போதும். காலனியை ஒட்டியிருக்கும் உயரமான சுவர்கள், இடியும் நிலையில் உள்ள அங்கன்வாடி, நீர்த்தேக்கத் தொட்டி, விடுதி, தொகுப்பு வீடுகள் - எல்லாவற்றையும் பட்டியல் எடுங்கள். தேதியோடு படம் எடுங்கள். கடைசியாக எப்போது பராமரிப்பு நடந்தது, எவ்வளவு செலவானது, உறுதிச் சான்று யார் கொடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கட்டாயம் ரசீது வாங்குங்கள். கோட்டாட்சியரிடம் 152ஆம் பிரிவின்கீழ் தனியாக மனு போடுங்கள். நாளை ஒரு சுவர் விழுந்தால், 'எங்களுக்குத் தெரியாது' என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாதபடி அந்த ரசீது பேச வேண்டும்.

கூடவே ஒரு கோரிக்கை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அந்தச் சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்குச் சிறைத்தண்டனை சொல்கிறது. அதாவது, அதிகாரியின் 'கவனக்குறைவு' குற்றமாக இருக்க முடியும் என்று இந்த நாட்டுச் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தப் புறக்கணிப்பு எஃப்.ஐ.ஆர். போடாததோடு நிற்க வேண்டியதில்லை. சேரிக்குப் பக்கத்தில் சாயும் சுவரைப் பற்றி மனு வாங்கி வைத்துக்கொண்டு நடவடிக்கை எடுக்காமல் இருப்பதையும் அதற்குள் கொண்டுவர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

காகிதத்தில் இருக்கும் விதி எப்படி உயிர் பெறும் என்பதற்கு நமக்கு ஒரு பழைய பாடம் உண்டு. மகாடு நகராட்சி தன் குளத்தைத் தீண்டத்தகாதோருக்கும் திறந்துவிடுவதாக 1924இல் தீர்மானம் போட்டது. மூன்று வருசம் அந்தத் தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது, ஒருவர் கையும் தண்ணீரில் படவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் மக்களும் நடந்து போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தபோதுதான் அது காகிதத்தை விட்டு வெளியே வந்தது. உள்ளாட்சி விதிகள் நமக்காகத் தாமாக எழுந்து நடப்பதில்லை. அவற்றைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

அடுத்த மழைக்காலம் வரத்தான் போகிறது. அதற்கு முன்னால் உங்கள் காலனியை ஒட்டிய சுவரை ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள். பட்டியலை எடுங்கள். ரசீதை வாங்குங்கள்.